குறைப்பதற்கு ஓர் இடம்

வால்யூம் குமிழ் எதையும் கூட்டுவதில்லை. வலப்பக்கம் திருப்பினால் ஒலி பெரிதாகிறது என்பது கைக்கு ஏற்படும் மயக்கம். உள்ளே இருப்பது ஒரு மின்தடைப் பட்டை. அதன்மேல் நகரும் ஒரு தொடுமுனை. வருகிற மின்னழுத்தத்தில் ஒரு பங்கை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிட்டு மீதியை வழியிலேயே கழித்துவிடுவதுதான் அதன் வேலை. கடைசிவரை திருப்பிய நிலையில் அது ஒதுங்கி வழிவிடுகிறது. மற்ற எல்லா நிலைகளிலும் கழிக்கிறது. பெருக்கம் வேறோர் இடத்தில், வால்வுக்குள்ளோ டிரான்சிஸ்டருக்குள்ளோ, குமிழ் எங்கே நின்றாலும் ஒரே விகிதத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே ஒரு குமிழ் இருக்கும்வரை இதெல்லாம் தெரியாமலேயே ஆயுள் முழுக்கப் பாட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம். பிரீஆம்ப் ஒன்றும் அதன்பின் வால்வு ஹெட்போன் ஆம்ப் ஒன்றும் என்று இரண்டு குமிழ்கள் வரிசையாக வந்து நிற்கும்போதுதான் சிக்கல். முன்னதைக் கூட்டிப் பின்னதைக் குறைக்கலாம். பின்னதை முழுக்கத் திறந்துவிட்டு முன்னதை அடக்கி வைக்கலாம். இரண்டையும் பாதியில் நிறுத்தலாம். காதுக்கு வந்துசேரும் ஒலியளவு எல்லா வழிகளிலும் ஒன்றே. பிறகு எந்த வழியில் போனால் என்ன? பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பாட்டு நிற்கும் இடத்தில், ஆலாபனைக்கு நடுவே பாடகர் மூச்செடுக்கும் அந்த அரை நொடியில், எல்லாமே வேறாகிவிடுகிறது.

என் மேசையில் இருக்கும் அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். குறுந்தகடு ஓட்டும் பெட்டி, ஒரு பிரீஆம்ப், ஓடிஎல் வகை (வெளியீட்டு மின்மாற்றி இல்லாத) வால்வு ஹெட்போன் ஆம்ப், சென்ஹைசர் ஹெச்டி 650 ஹெட்போன். ஆம்பில் முன்வரிசையில் நிற்பது 6எஸ்என்7 என்ற இரட்டை டிரையோடு. பின்னால் தடித்த கண்ணாடிக் குடுவையில் 6ஏஎஸ்7ஜி. இந்த இரண்டாவது வால்வின் பூர்வீகம் இசை அல்ல. மின்வழங்கிகளில் அழுத்தம் ஏறி இறங்காமல் பிடித்து வைப்பதற்காக வடிவமைத்தது. அதன் இழையைச் சூடாக்க மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது கிட்டத்தட்ட 16 வாட், வேண்டும். மழைக்கால இரவில் அதன் பக்கத்தில் கை வைத்திருப்பது சுகம், சித்திரையில் தண்டனை.

பார்வைக்கு இவ்வளவு பெரிதாக இருக்கும் அந்த வால்வு மின்னழுத்தத்தைப் பெருக்குவதே இல்லை. ஓடிஎல் ஆம்பில் அது கேத்தோடு ஃபாலோயராக நிற்கிறது. உள்ளே வந்த அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வெளியே தருகிறது. 300 ஓம் ஹெட்போனின் சுமையைத் தாங்கி அதற்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுப்பதோடு அதன் பொறுப்பு முடிகிறது. அழுத்தத்தைப் பெருக்குவது சிறியவரான 6எஸ்என்7. அதன் பெருக்கக் காரணி 20. சுற்றுக்குள் உட்கார்ந்த பிறகு 15 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கணக்கு. குறுந்தகடு ஓட்டியின் உச்ச வெளியீடு 2 வோல்ட். இசையின் சராசரி அதில் எட்டில் ஒரு பங்கு என்று கொண்டால் கால் வோல்ட். ஹெச்டி 650க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி எழும் என்கிறது அதன் விவரத்தாள். அப்படியானால் கால் வோல்ட்டுக்கு 91 டெசிபல். எந்த வால்வும் எதையும் பெருக்காத நிலையிலேயே இவ்வளவு. நிதானமாகக் கேட்க 75 டெசிபல் தாராளம். ஆனால் நம் வரிசையில் பிரீஆம்ப் 4 மடங்கு பெருக்குகிறது, ஆம்ப் 15 மடங்கு பெருக்குகிறது. கால் வோல்ட் 15 வோல்ட்டாகி நிற்கிறது. 75 டெசிபலுக்கு வேண்டியதோ 0.04 வோல்ட். கட்டிக் கொண்டுவந்த 375 பங்கில் ஒரு பங்குதான் காதுக்கு. மற்றது முழுவதும் கழிவு. டெசிபலில் சொன்னால் 51. இரண்டு குமிழ்களும் சேர்ந்து சுமக்க வேண்டிய வேலை இந்த 51 டெசிபல் கழித்தல்தான்.

இவ்வளவு பெருக்கம் எதற்கு என்று கேட்டால் பழைய காலத்தின் பழக்கம் என்பதே விடை. வானொலி ட்யூனரும் டேப் டெக்கும் ஆண்ட காலத்தில் அவை தந்தது சில பத்தில் ஒரு பங்கு வோல்ட். அந்த மெலிந்த குரலைத் தூக்கி நிறுத்தப் பிரீஆம்புக்குப் பெருக்கம் தேவைப்பட்டது. 1982இல் குறுந்தகடு சந்தைக்கு வந்து 2 வோல்ட் புழக்கத்துக்கு வந்தபோது தேவை போய்விட்டது, பெருக்கம் போகவில்லை. விவரத்தாளில் பெருக்கம் ஒரு தகுதியாக அச்சாகிறது. குறைவாகப் பெருக்கும் ஆம்ப் என்று விளம்பரம் செய்து விற்றவரைக் காண்பது அரிது.

சரி, 51 டெசிபலை எங்கே கழிப்பது? பிரீஆம்பில் இருக்கும் மேல்குமிழிலா, ஆம்பில் இருக்கும் கீழ்க்குமிழிலா? இதற்கு விடை தர இரைச்சல் பிறக்கும் இடம் தெரிய வேண்டும். எந்த மின்தடையும் அறை வெப்பத்தில் சும்மா இருப்பதில்லை. அதற்குள் எலக்ட்ரான்களின் வெப்ப அலைவு மெல்லிய சீறலாக ஓயாமல் எழுகிறது. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு சொன்னார். இரண்டு கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. வால்வு இதோடு தன் சொந்தச் சீறலையும் சேர்க்கிறது. இழைக்கு மாறுமின்சாரம் கொடுத்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் சேர்க்கிறது. பிரீஆம்பின் குமிழ் வழக்கமாக அதன் பெருக்கும் கட்டத்துக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே அந்தக் கட்டத்தின் இரைச்சல் குமிழைத் தாண்டிய பிறகே பிறக்கிறது. குமிழை எவ்வளவு அடக்கினாலும் அது அடங்காது.

கால்வாயில் இரண்டு மதகுகள். இரண்டுக்கும் நடுவில் ஊர்ச் சாக்கடை வந்து கலக்கிறது. மேல்மதகை இறக்கிக் கீழ்மதகைத் திறந்து வைத்தால் வயலுக்கு வருவது கொஞ்சம் ஆற்றுநீரும் முழுச் சாக்கடையும். மேல்மதகைத் திறந்து கீழ்மதகை இறக்கினால் அதே அளவு நீர்தான் வரும், ஆனால் பெரும்பங்கு ஆற்றுநீராக இருக்கும். அளவு ஒன்று, தரம் வேறு. நாம் பார்த்த அமைப்பில் பிரீஆம்பின் வெளியீட்டில் 50 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மேல்குமிழிலேயே 51 டெசிபலையும் கழித்துவிட்டுக் கீழ்க்குமிழை முழுக்கத் திறந்தால் அந்த இரைச்சல் 15 மடங்காகி ஹெட்போனில் 40 டெசிபல் அளவுக்குக் கேட்கும். அமைதியான அறையில் அது தெளிவாகக் காதில் விழும் சீறல். மாறாக மேல்குமிழைத் திறந்து கீழ்க்குமிழில் கழித்தால் இரைச்சலும் இசையோடு சேர்ந்து 375இல் ஒரு பங்காகக் குறைந்து, காது எட்டாத ஆழத்துக்குப் போய்விடும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு குமிழ்களையும் இடக்கோடிக்குத் திருப்புங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். இப்போது கேட்கும் மெல்லிய உறுமல் ஆம்புக்கே உரியது; எந்தக் குமிழாலும் அதைத் தொட முடியாது. வால்வை மாற்றலாம், இழைக்கு நேர்மின்சாரம் கொடுக்கலாம், வேறு வழியில்லை. அடுத்து, மேல்குமிழை அப்படியே விட்டுக் கீழ்க்குமிழை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி. திருப்பத் திருப்பத் தூரத்தில் மாவு சலிப்பது போன்ற ஒரு சத்தம் கிட்டே வரும். அது பிரீஆம்பினுடையது. கடைசியாகக் கீழ்க்குமிழை வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்து மேல்குமிழைத் திருப்புங்கள். அப்போது ஏறும் சீறல் அவ்விரண்டுக்கும் முன்னால், ஒலிமூலத்தில் பிறந்தது. இசைக்கருவியின் குரலை அடையாளம் காண்பது போல இந்த மூன்று இரைச்சல்களின் குரலையும் பழகிக்கொண்டால் பிறகு குமிழ்களைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

விடை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்: மேல்குமிழை முழுக்கத் திற, கீழ்க்குமிழில் குறை. ஆனால் குமிழும் உலோகமும் கரிப்பட்டையும் சேர்ந்த ஒரு பொருள்தான். ஸ்டீரியோ வால்யூம் என்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு மின்தடைகள்; இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று. நடுப்பகுதியில் இரண்டும் ஒற்றுமையாக நடக்கும். இடக்கோடியை ஒட்டிய முதல் சில பாகைகளில் ஒற்றுமை குலையும். ஒரு பக்கம் மற்றதைவிட இரண்டு மூன்று டெசிபல் முந்திக்கொள்ளும். ஸ்பீக்கரில் இது அவ்வளவாகத் தெரியாது. ஹெட்போனில் பாடகர் நெற்றியின் நடுவிலிருந்து நகர்ந்து இடக்காதருகில் போய் உட்கார்ந்துகொள்வார். 51 டெசிபலையும் கீழ்க்குமிழே கழிக்க வேண்டுமென்றால் அது நிற்கப்போகும் இடம் எட்டு மணிக்குச் சற்று மேல், அதாவது சரியாக அந்தச் சண்டைப் பகுதி. ஆல்ப்ஸ் நிறுவனத்தின் நீலநிறப் பொட்டென்ஷியோமீட்டரையோ, ஒவ்வொரு படிக்கும் தனித்தனி மின்தடை வைத்த படிக்கட்டு அட்டெனுவேட்டரையோ போட்டால் சண்டை குறையும். ஆனால் படிக்கட்டில் ஒரு படி இரண்டு டெசிபல் என்றால், வேண்டிய அளவு இரண்டு படிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் இரவுகள் உண்டு.

இரைச்சல் கீழ்க்குமிழை இறக்கச் சொல்கிறது. சமநிலை அதை ஏற்றச் சொல்கிறது. மூன்றாவதாகப் பேச வருவது காது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த பாதுகாப்புத் தரம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணிநேரம், 80 டெசிபல் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். நம் வரிசையில் மேல்குமிழ் முழுக்கத் திறந்திருக்க, கீழ்க்குமிழில் சட்டைக் கை பட்டுக் கடைசிவரை சுழன்றுவிட்டால் கணக்குப்படி எழக்கூடியது 126 டெசிபல். ஆம்ப் அதற்கு முன்பே திணறிச் சிதைந்த ஒலியைத்தான் தரும் என்பது ஆறுதல் அல்ல. உட்செவியில் புற மயிர்ச்செல்கள் என்று சில உண்டு. மெல்லிய ஒலிகளைப் பல மடங்கு பெருக்கித் தருபவை அவை. பெரிய ஒலி வரும்போது பெருக்கத்தைத் தாமே தளர்த்திக்கொள்பவை. மனிதரில் அவை ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. 6எஸ்என்7 போனால் இன்னொன்று வாங்கிச் செருகலாம். ஆகவே பாதுகாப்பு கேட்கும் ஏற்பாடு, இரைச்சல் கேட்பதற்கு நேர் எதிரானது: மேல்குமிழை இறக்கி வை, கீழே என்ன தவறு நடந்தாலும் தாங்கும் உயரத்தில் கூரை இருக்கட்டும்.

ஓடிஎல் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதே பாடத்தின் இன்னொரு வடிவத்தையும் அறிவார்கள். ஆம்பைப் போட்டதும் வால்வுகள் சூடேறும்போது வெளியீட்டு மின்தேக்கி நிரம்புகிறது. அப்போது ஹெட்போன் செருகியிருந்தால் ஒரு குத்து விழக்கூடும். குமிழ் பூஜ்யத்தில் இருந்தாலும் விழும், ஏனென்றால் அது பிறப்பது குமிழுக்குப் பிறகு. சூடேறும்வரை ஹெட்போனைச் செருகாமல் இருப்பது ஒன்றே வழி. ஒரு குமிழ் தனக்கு முன்னால் நடந்ததைத்தான் ஆள முடியும். தனக்குப் பின்னால் நடப்பதன்மேல் அதற்கு அதிகாரமில்லை.

இங்கே வீணை தனம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1867 முதல் 1938 வரை வாழ்ந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். ஒலிபெருக்கி கிடையாது, வாசிப்போ மிக மென்மையானது. வந்தவர்கள் அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அந்த மாலைகளைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். வீணையைக் கூட்ட வழியில்லாத இடத்தில் அறையைக் குறைத்தார்கள். இசைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தூரத்தை விரிக்க இரண்டு வழிகள்தான்: மேலே இருப்பதை உயர்த்தலாம், கீழே இருப்பதைத் தாழ்த்தலாம். நாம் முதல் வழியிலேயே மூழ்கிக் கிடக்கிறோம். 1930களில் பதிவான அவருடைய இசைத்தட்டுகளை இன்று கேட்கும்போது ஊசி உரசும் இரைச்சல் வீணையோடு பிரிக்க முடியாமல் சேர்ந்தே வருகிறது. எந்தக் குமிழும் அதற்கு உதவாது. அது எல்லாக் குமிழ்களுக்கும் முன்னால் கலந்துவிட்டது. கூட்டினால் இரண்டும் கூடும், குறைத்தால் இரண்டும் குறையும். அந்தத் தட்டுகளுக்காக வால்வையும் குமிழையும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் என்று புரிந்தபின் இரைச்சலைத் தாண்டி விரலைக் கேட்கப் பழகுவது எளிதாகிவிடுகிறது.

குறைத்துக் கேட்பதற்கு ஒரு விலையும் உண்டு. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் காட்டியது இது: ஒலி தாழத் தாழக் காது கீழ்ச்சுரங்களை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. நள்ளிரவில் 55 டெசிபலில் ஒரு தனி ஆவர்த்தனம் கேட்டால் மிருதங்கத்தின் வலந்தலை துல்லியமாக நிற்கும். தொப்பியின் கும்காரம் தோல் சுருங்கியதுபோல் வறண்டிருக்கும். வாசித்தவர்மேல் குற்றமில்லை, பதிவின்மேலும் இல்லை. பழைய ஆம்ப்களில் இருந்த லவுட்னஸ் விசை இந்த இழப்பை ஈடுசெய்ய வந்தது. அதனால் வால்யூமைச் சற்று ஏற்றச் சொல்லும் கையைப் பேராசை என்று திட்டிவிடவும் முடியாது. சில ராகங்களுக்கு, சில வாத்தியங்களுக்கு, அவற்றுக்கு உரிய ஓர் அளவு இருக்கிறது. அதற்குக் கீழே கேட்டால் வேறொரு வாத்தியத்தைக் கேட்கிறோம்.

இத்தனை எதிரெதிர்க் கோரிக்கைகளையும் இரண்டு குமிழ்களுக்கு நடுவே பேரம் பேசித் தீர்க்கப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. மேல்குமிழைப் பன்னிரண்டு மணியில் நிறுத்து, கீழ்க்குமிழைப் பத்து மணியில் வை, அன்றாடம் ஒன்றை மட்டும் தொடு. மோசமான யோசனை அல்ல. சராசரிக் குமிழில் பன்னிரண்டு மணி என்பது ஏறக்குறைய 20 டெசிபல் கழிவு. மீதி 31ஐக் கீழ்க்குமிழ் சண்டைப் பகுதிக்கு வெளியிலிருந்தே கழித்துவிடும். கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ பாட்டு வருகிறது என்றால் அங்கே மூன்றாவதாக ஒரு குமிழ் திரைக்குள் ஒளிந்திருக்கும். அதை முழுதாகத் திறந்துவிட்டு மறந்துவிடுவது நல்லது. மூன்று பேர் பேரம் பேசினால் எதுவும் முடிவாகாது.

ஆனால் பேரத்துக்கு அவசியமே இல்லாத ஒரு வழி இருக்கிறது. பல பிரீஆம்ப்களின் முதுகில் டேப் அவுட் என்றொரு துளை உண்டு. ஒலிப்பதிவுக் கருவிக்காக வைத்தது. அதில் வரும் ஒலி பிரீஆம்பின் குமிழையும் பெருக்கும் கட்டத்தையும் தொடாமல் வருகிறது. ஹெட்போன் ஆம்பை அங்கே இணைத்தால் ஒரு குமிழும் 4 மடங்கு பெருக்கமும் ஒரே அடியில் ஒழிந்தன. அந்த வசதி இல்லாதவர்களுக்கு இன்னும் எளியது: பிரீஆம்புக்கும் ஆம்புக்கும் நடுவில், பக்கத்துக்கு இரண்டு மின்தடைகள். வரிசையில் 18 கிலோஓம், தரைக்கு 2 கிலோஓம். பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகும். அதாவது அசையாத 20 டெசிபல் கழிவு. பிரீஆம்பின் இரைச்சல் பத்தில் ஒன்றாகிறது. கீழ்க்குமிழ் சண்டைப் பகுதியிலிருந்து மேலேறி நடுவுக்கு வருகிறது. இரண்டு குமிழ்களும் தவறிச் சுழன்றாலும் கூரை 126இலிருந்து 106க்கு இறங்குகிறது. அதுவும் ஆபத்தான அளவுதான். ஆனால் ஹெட்போனைப் பிடுங்கி எறிய அவகாசம் தரும் ஆபத்து. இரைச்சல், சமநிலை, காது என்று மூன்றும் தனித்தனியே கேட்டது ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது. செலவு ஒரு தேநீர்க் காசு. இப்போது வரும் பல ஹெட்போன் ஆம்ப்களில் கெயினைக் குறைக்க ஒரு சிறு விசை இருக்கிறது; அதுவும் இதே புத்திதான்.

இந்த நான்கு மின்தடைகளுக்கும் குமிழ் கிடையாது என்பதே அவற்றின் சிறப்பு. குமிழ் என்பது அன்றைய மனநிலையின் கைப்பிடி. அலுவலகத்தில் கோபம் வந்த நாளில் அது ஏறும், பிடித்த சங்கதி வரும்போது ஏறும், ஏறியது பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அளவோடு இருப்பதை ஒவ்வொரு இரவும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தால் அதில் நாம் தோற்கும் இரவுகள்தான் அதிகம். ஒருமுறை யோசித்து, சூட்டுக்கோலால் பற்றவைத்து, பெட்டியை மூடிவிட்ட கழிவோ நம் மனநிலையைக் கேட்பதில்லை. அதற்குக் கீழே விட்டுவைத்த குமிழை மனம்போலத் திருப்பிக்கொள்ளலாம். ராகத்துக்கு ஏற்ப, இரவுக்கு ஏற்ப. அடக்கத்தையெல்லாம் கையின் பொறுப்பில் விடாமல் ஒரு பகுதியை அமைப்பிலேயே கட்டிவிட்டால்தான் கைக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கிறது. எறியப்போவதைப் பெருக்காமலே விட்டிருந்தால் அதுவும் வேண்டியிருக்காது. பெருக்கம் ஏற்கெனவே விலைபேசி வீட்டுக்கு வந்துவிட்டபின், கழிப்பதை எங்கே வைப்பது என்ற முடிவு ஒன்றுதான் நம்மிடம் மிச்சமிருக்கிறது.